வலது கைக்கு ஒரு மோதிரமாம்!

"உங்களுக்காக நீங்களே வைர மோதிரம் வாங்குங்கள்." பெண்களைப் பார்த்து நகை விளம்பரங்கள் இப்படிச் சொல்வதைக் கேட்டாலே எரிச்சல் வருகிறது. புதுசும் இல்லை. 2003ல் அமெரிக்காவில் டி பியர்ஸ் என்ற வைர நிறுவனத்தின் விளம்பரம் இதைத்தான் பாடியது: இடது கை 'நாம்' என்கிறதாம், வலது கை 'நான்' என்கிறதாம். மாப்பிள்ளை போடும் மோதிரத்தோடு வியாபாரம் நின்றுவிடக் கூடாதே!

பெண்கள் சொந்தச் சம்பளத்தில் வாங்கட்டும், நல்லதுதான். ஆனால் பில்லைப் படிப்பது எப்படி என்று ஒரு விளம்பரமும் சொல்லாது. 'அரை கேரட் வைரம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். கிட்டே போய்ப் பார்த்தால் 5 சென்ட் பொடிக்கல் பத்து (நூறு சென்ட் ஒரு கேரட்). கூட்டினால் 50 சென்ட், கணக்கு சரிதான். ஆனால் ஒற்றைக் கல்லாக 50 சென்ட் என்றால் அதன் விலையே வேறு. கல் பெரிதாகப் பெரிதாக ஒரு கேரட்டின் விலையே ஏறும்.

எடையிலும் கண் வையுங்கள். மோதிரம் 3 கிராம் என்றால் அரை கேரட் கல் 0.1 கிராம், தங்கம் 2.9. அதுவும் 18 கேரட், அதாவது 75 சதவீதம்தான். (தங்கத்தில் கேரட் தரம், வைரத்தில் எடை, ஒரே பெயரை வைத்தே பாதிப் பேரைக் குழப்பிவிடுகிறார்கள்.) 22 கேரட் விலையை 3 கிராமுக்கும் போட்டால் சண்டை போடுங்கள். உள்பக்கம் 18 கேரட்டுக்கான 750 முத்திரையும், ஹெச்யுஐடியும் (ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியாகத் தரும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளம்) இருக்கணும்.

மோதிரத்தைக் கடையில் திருப்பிக் கொடுக்கும்போது செய்கூலி, 3 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் போயே போச்சு. கல்லுக்கு எவ்வளவு கழிப்பீர்கள், எழுதிக் கொடுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். 'நான்' பாடிய வாய் அப்போது மட்டும் மேனேஜரைக் கூப்பிடும்.