தலையணையில் மரண ரகசியம் இல்லை

“பழைய ஓவியர்களின் ஸ்கெட்ச் புத்தகங்களில் தலையணை இருந்தால் மரணம், மடிந்த துணி இருந்தால் மறைத்த பாவம்” என்று ஒரு பதிவு சுற்றிவருகிறது. சாட்சியாக ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் ஒரு தாளில் வரைந்த ஆறு தலையணைகளையும் இழுத்து வைத்திருக்கிறார்கள்.

அந்தத் தாள் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1493இல், 22 வயதில் பேனாவால் வரைந்தது. மறுபக்கத்தில் டியூரரின் முகம், ஒரு கை, இன்னொரு தலையணை. ஒரே தலையணையை அமுக்கி, திருகி, குத்திவிட்டு மறுபடி மறுபடி வரைந்ததுபோல இருக்கிறது. மடிப்பில் நிழல் எப்படி விழுகிறது என்று கை பழகும் வேலை அது. மடிப்புகளில் முகங்கள் தெரிகின்றனவாம். தெரியலாம், மேகத்திலும்தான் யானை தெரிகிறது.

பொருள்களுக்குக் குறியீடே கிடையாது என்று சொல்லவில்லை. 17ஆம் நூற்றாண்டு டச்சு நிலைப்பொருள் (அசையாப் பொருள்களை வரையும்) ஓவியங்களில் மண்டையோடும் அணைந்த மெழுகுவர்த்தியும் வாழ்வின் நிலையாமையைக் குறித்தன. ஆனால் அவை பிறர் பார்ப்பதற்காகத் தீட்டி முடித்த ஓவியங்கள். பயிற்சித் தாளுக்கு அந்த அகராதியை அப்படியே பொருத்துவது மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதுதான்.

உடைக்கும் இதே கதைதான். 1500இல் டியூரர் ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரப் பெண்களை வரைந்தார். தேவாலயத்துக்கு ஓர் உடை, நடனத்துக்கு வேறு, வீட்டுக்கு வேறு. எது எதற்கு என்பதைத் தம் கையாலேயே தாளில் எழுதியும் வைத்தார். ரகசியம் காக்க நினைத்தவர் செய்கிற காரியமா இது?