ஸ்மெலூ போட்டால் விடை மாறவே மாறாதா?

யாழ்ப்பாணத்துக் கம்பஸ் பெடியளின் வட்ஸ்அப் குழுக்களில், இறுதியாண்டு புரொஜெக்ட் நேரம் பார்த்து, நரம்பு வலையமைப்பு மொடல்களில் (தரவைப் பார்த்துக் கற்கும் கணினி நிரல்கள்) உள்ளீட்டை வெளியீடாக மாற்றும் ரீலூ, ஸ்மெலூ என்ற இரண்டு சார்புகள் பற்றி ஒரு செய்தி சுற்றுகிறது: "ரீலூவை எடுத்துவிட்டு ஸ்மெலூவைப் போடுங்கள். எத்தனை தரம் பயிற்றினாலும் மொடல் ஒரே விடையைத்தான் தரும். சீட் எண்ணையும் (தற்செயல் தெரிவுகளைத் தொடக்கிவைக்கும் எண்) பூட்டிவிட்டால் கவலையே இல்லை."

இது பிழை. பாதி உண்மை கலந்திருப்பதால்தான் இவ்வளவு வேகமாகப் பரவுகிறது.

ரீலூவின் சரிவு 0இல் சட்டென்று 0இலிருந்து 1க்குப் பாயும். ஸ்மெலூ அந்த முறிவை ஓர் இருபடி வளைவால் மழுப்புகிறது. அந்த வளைவின் அகலத்தைத் தீர்மானிக்கும் பீட்டாவை 1 என்று வைத்தால், உள்ளீடு 0ஆக இருக்கும்போது ரீலூ 0 தரும்; ஸ்மெலூ 0.25 தரும். இப்படி மழுப்பினால், தனித்தனியே பயிற்றிய இரண்டு மொடல்களின் கணிப்புகளுக்கு இடையிலான வேறுபாடு குறையும் என்றுதான் கூகிள் ஆய்வாளர்கள் 2020இல் எழுதினார்கள். குறையும், அவ்வளவுதான். தொடக்க எடைகள் (பயிற்சியில் மாறும் மொடலின் உள் எண்கள்), தரவு வரும் ஒழுங்கு, ஜிபியூ (பல கணக்குகளை ஒரே நேரத்தில் செய்யும் சிப்) தசம எண்களைக் கூட்டும் வரிசை எல்லாம் வேறுபாட்டைக் கொண்டுவந்துகொண்டே இருக்கும். பீட்டாவை அளவுமீறிக் கூட்டினால் துல்லியமும் அடிவாங்கலாம்.

சரி, சீட்? ஒரே சீட் இருந்தாலும் சிபியூவுக்கும் ஜிபியூவுக்கும் இடையில் முடிவு மாறலாம் என்று மொடல் பயிற்றும் மென்பொருளான பைடோர்ச்சின் ஆவணமே சொல்கிறது. கூகிள்காரரின் அந்த ஆய்வுக் கட்டுரையும் ஆர்க்கைவ் (arXiv) தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். பார்த்துவிட்டு, அந்தச் செய்தியை மேற்கொண்டு அனுப்பாமல் விடுங்கள்.