நெல் மானியமும் ஆலைத் தராசும்

நெல் மானியத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "அது வயல்காரர் பாடு, தோட்டத்து ஆட்களுக்கு அதில் என்ன இருக்கிறது?" என்று மலேசியாவின் பேராக் மாநிலத்துப் பாகான் செராயில் நம்மவர்கள் கேட்பதைச் சிறுவயது முதல் கேட்டு வருகிறேன். 2023 செப்டம்பரில் இறக்குமதி வெள்ளை அரிசியின் விலை டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 3,200 வெள்ளியாக ஏறி, பத்துக் கிலோ 26 வெள்ளிக்கு விற்ற உள்ளூர் அரிசி கடைகளில் கண்ணில் படாமல் போனபோது, கடை கடையாக ஏறி இறங்கியவர்கள் நாமும்தான். 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட புக்கிட் மேரா நீர்த்தேக்கத்தின் தண்ணீரில் எங்கள் கிரியான் மாவட்ட வயல்களில் விளைவது நம் வீட்டு உலையிலும் வேகிறது.

மானியத் தொகை குறைவு என்று நான் சொல்லவில்லை. டன்னுக்கு 360 வெள்ளியாக இருந்த விலை மானியம் 500 ஆனது. 2025 ஏப்ரலில் நெல்லின் குறைந்தபட்ச விலையும் 1,300-லிருந்து 1,500 வெள்ளியாக உயர்ந்தது. இரண்டும் சேர்ந்து டன்னுக்கு 2,000 வெள்ளி. ஆனால் லாரியில் ஏற்றிக்கொண்டு போன எடைக்கு அந்தப் பணம் கிடைப்பதில்லை. ஈரம், பதர், பச்சை நெல், வைக்கோல் துண்டு ஆகியவற்றுக்காக ஆலை கழித்தது போக மிஞ்சும் நிகர எடைக்கே விலையும் மானியமும் கணக்கிடப்படுகின்றன.

சென்ற அறுவடையில் பக்கத்துக் கம்பத்தில் (கிராமத்தில்) நெல் பயிரிடும் பாக்சிக் (மலாய்ப் பெரியவர்) ஒருவருடன் ஒரு நெல் ஆலைக்குப் போயிருந்தேன். லாரி எடைமேடையில் ஏறியதும் ஓர் இளைஞர் நீண்ட குழாயை நெல்லுக்குள் செருகி, இரண்டு கைப்பிடி அளவு எடுத்துக்கொண்டு அறைக்குள் போனார். சற்று நேரத்தில் சன்னல் வழியாகச் சீட்டு வந்தது: கழிவு 21 விழுக்காடு. ஈரத்துக்கு எவ்வளவு, பதருக்கு எவ்வளவு என்று அதில் ஒரு வரி இல்லை. பாக்சிக் எதுவும் கேட்காமல் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பின்னால் லாரிகள் வரிசையில் நின்றன. ஈர நெல்லைத் திருப்பிக் கொண்டுபோனால் அது சூடேறிக் கெட்டுவிடும்.

அந்த மௌனம் எனக்குப் புதிதல்ல. விடியும் முன்பே எழுந்து தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டிய என் அம்மா, ஸ்டோரில் வாளியை இறக்கிவிட்டு, கிராணி (தோட்டக் கணக்கர்) பாலில் எவ்வளவு ரப்பர் என்று காட்டும் மெட்ரோலாக் கருவியை அதில் மிதக்கவிட்டு எண்ணைக் குறிப்பதை எட்டி நின்று பார்த்திருப்பார். அந்த எண் என்னவென்று அம்மாவிடம் யாரும் காட்டியதில்லை. மாதக் கடைசியில் சம்பளத்தில்தான் அது தெரியும்.

கழிவே கூடாது என்பதல்ல என் வாதம். இயந்திரம் அறுத்த நெல் ஈரமாகத்தான் வரும். சேமித்து வைக்க அதை ஏறக்குறைய 14 விழுக்காடு ஈரத்துக்கு உலர்த்தியாக வேண்டும், அதற்கு ஆலைக்கும் செலவு உண்டு. ஆயினும் பத்து டன் நெல்லில் ஒரு விழுக்காடு கூடுதலாகக் கழித்தால் 200 வெள்ளி போகிறது. ஐந்து விழுக்காடென்றால் 1,000 வெள்ளி. நாடாளுமன்றத்தில் கூட்டித் தரும் மானியம் எடைமேடையில் கரைந்துபோனால், அதை உழவருக்குத் தந்த பணம் என்று எப்படிச் சொல்வது?

ஆகவே அடுத்த மானிய உயர்வுக்கு முன்பாக ஒன்றைச் செய்யுங்கள் என்று அரசாங்கத்தைக் கேட்கிறேன். நெல் மாதிரியை எடுப்பவர் ஆலையின் சம்பளக்காரராக இருக்கக் கூடாது. ஈரத்துக்கும் பதருக்கும் சீட்டில் தனித்தனி எண் வேண்டும். எடுத்த மாதிரியில் ஒரு பங்கை முத்திரையிட்டு வைத்து, உழவர் ஒப்பாவிட்டால் மறுபடி சோதிக்க வழி வேண்டும். ஈரம் அளக்கும் கருவியையும் சன்னலுக்கு இந்தப் பக்கம், பாக்சிக் நிற்கும் இடத்தில் வையுங்கள்.