கவருக்குள் போகப்போகிற முதுகுக்கு இத்தனை சண்டையா?

அடுத்த ஐபோனின் படம் என்று ஒன்று மறுபடி சுற்ற ஆரம்பித்துவிட்டது. திரையின் மேலே மிதக்கிற அந்தக் கறுப்பு மாத்திரை சுருங்குமாம். முகத்தைப் பார்த்துப் பூட்டைத் திறக்கிற ஃபேஸ் ஐடி கண்ணாடிக்கு அடியில் போய்விடுமாம். கூடவே புத்தகம் மாதிரி மடிக்கிற ஐபோன் ஒன்றும் வருமாம். கீழே கமெண்ட்டில் வழக்கமான மூன்று கட்சிகள்: "வேற லெவல்" கட்சி, "பார்க்கவே சகிக்கல" கட்சி, "ஸ்டீவ் ஜாப்ஸ் மட்டும் இருந்திருந்தா..." கட்சி. மூன்றாவது கட்சிக்காரர்களில் பாதிப் பேர் ஜாப்ஸ் உயிரோடு இருந்தபோது ஐபோனைத் தொட்டிருக்கவே மாட்டார்கள். அது கிடக்கட்டும்.

போனின் முதுகு அழகா அசிங்கமா என்று வருஷா வருஷம் அடித்துக்கொள்கிறோம். அதே போனிலிருந்து என்னத்தைப் பிடுங்கிக்கொண்டு போகிறார்கள் என்பதை மட்டும் கவனிப்பதே இல்லை. இதுதான் என் ஆதங்கம்.

2019 ஜனவரியை ஞாபகப்படுத்திப் பாருங்கள். ஆன்லீக்ஸ் என்ற பெயரில் போன் ரகசியங்களை வெளியிடும் பிரெஞ்சுக்காரர், வரப்போகிற ஐபோனின் பின்பக்கத்தில் சதுர மேடும் அதில் மூன்று கேமராவும் இருக்கும் என்று படம் போட்டார். உலகமே சிரித்தது. குழிப்பணியாரக் கல், கரண்ட் அடுப்பு என்று நம்ம ஊர் மீம் ஆட்களும் வெளுத்து வாங்கினார்கள். செப்டம்பரில் ஐபோன் 11 ப்ரோ கிட்டத்தட்ட அப்படியேதான் வந்தது. அந்த வரிசையில் சதுர மேட்டில் இரண்டு கேமரா வைத்து வந்த ஐபோன் 11 என்ன ஆனது தெரியுமா? 2020-இன் முதல் ஆறு மாதத்தில் உலகத்திலேயே அதிகமாக விற்பனைக்கு அனுப்பப்பட்ட போன் அதுதான். ஓம்டியா என்ற சந்தை ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி 3.77 கோடி. ஊரடங்கு காலத்தில்! பணியாரக் கல் என்று கேலி செய்தவர்கள் கையிலேயே அது பிறகு இருந்தது. பிறகு மற்ற கம்பெனிக்காரர்களும் அதே மேட்டை ஒட்டிக்கொண்டு வந்தார்கள்.

2025-லும் அதே கூத்துதான். ஐபோன் 17 ப்ரோவுக்கு முதுகின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரைக்கும் கேமரா மேடை என்று வருஷ ஆரம்பத்திலேயே படம் கசிந்தது. "கூகுள் பிக்சலைக் காப்பி அடிச்சுட்டான்", "இதுக்கு ஒண்ணேகால் லட்சமா" என்று ஏகப்பட்ட சாபம். செப்டம்பர் 19 அன்று விற்பனை தொடங்கியபோது மும்பை பிகேசி பகுதியிலுள்ள ஆப்பிள் கடை வாசலில் தள்ளுமுள்ளு, கைகலப்பு, செக்யூரிட்டி வந்து பிரித்துவிட வேண்டியிருந்தது.

அதே நாளில் வந்த இன்னொரு போனைப் பாருங்கள். ஐபோன் ஏர். வதந்திக் காலத்தில் எல்லாரும் உருகியது இதைப் பார்த்துத்தான். 5.6 மில்லிமீட்டர் மெலிசு, 165 கிராம் எடை. "இதுதான்டா டிசைன்" என்று போடாத ஆள் இல்லை. கடைக்கு வந்ததும் ஆட்கள் கையில் எடுத்துப் பார்த்தார்கள், ஆகா என்றார்கள், திருப்பி வைத்துவிட்டுப் பக்கத்து மேஜைக்குப் போனார்கள். பின்னால் ஒரே கேமரா, 3,149 எம்ஏஎச் பேட்டரி, அறிமுக விலை 1,19,900 ரூபாய். அதே 17 வரிசையின் சாதாரண மாடல் 82,900-க்குக் கிடைத்தபோது இதை யார் வாங்குவார்கள்? ஒரு மாதத்திலேயே ஏர் உற்பத்தியைக் குறைக்கிறார்கள் என்று செய்திகள் வந்தன. அசிங்கம் என்று திட்டுவாங்கிய போனுக்கு அடிதடி, அழகு என்று கொஞ்சிய போனுக்கு ஆளில்லை.

வாங்கியவர்களும் அந்த முதுகை எத்தனை நாள் பார்த்தார்கள்? எங்கள் தெரு முனையில் மொபைல் ஆக்சஸரீஸ் கடை வைத்திருக்கிற தம்பியிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். "எங்கண்ணே, நம்மாளுங்க போன் பெட்டியைப் பிரிக்கிறதே என் கடையில வெச்சுத்தான். டெம்பர் ஒட்டணும், பவுச் போடணும், அப்புறம்தான் வீட்டுக்கே எடுத்துட்டுப் போவாங்க" என்றான். 1,34,900 ரூபாய் போனுக்கு நூற்றைம்பது ரூபாய் டிரான்ஸ்பரன்ட் பவுச். அது ஆறு மாதத்தில் பழைய பல் செட் நிறத்துக்கு மஞ்சளாகிவிடும். இந்த மஞ்சளுக்குப் பின்னால் மறையப்போகிற முதுகுக்காகத்தான் பிப்ரவரி மாதத்திலிருந்து நமக்கு ரத்தக்கொதிப்பு.

அவன் கடையில் இன்னொரு விஷயமும் பார்த்தேன். போன் இன்னும் அறிவிக்கப்படவே இல்லை, அதற்குள் கவர் வந்து தொங்குகிறது. கேமராவுக்கு வெட்டியிருக்கிற ஓட்டையைப் பார்த்தாலே போன் எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடும். கவர் செய்பவர்கள் முதல் நாளே விற்றால்தான் காசு பார்க்க முடியும். அதனால் போனின் அளவுகள் அடங்கிய வரைபடத்தை எப்படியாவது பிடித்து அச்சு வெட்டிவிடுகிறார்கள். அந்த அளவில் உலோகத்தில் பொம்மை போன்கூடச் செய்து வைத்துக்கொள்வார்கள். யூடியூபில் "லீக்கான டம்மி" என்று கையில் வைத்துத் திருப்பித் திருப்பிக் காட்டுகிறார்களே, பெரும்பாலும் அதுதான். அதாவது படம் நம் கண்ணுக்கு வரும்போது அளவெல்லாம் முடிவாகிவிட்டது. பிறகு நாம் "மாற்றுங்கள் ஐயா" என்று கதறினால், முகூர்த்தம் முடிந்த பிறகு பெண் பிடிக்கவில்லை என்று சொல்கிற கதைதான்.

இனி, பிடுங்கிக்கொண்டு போனவற்றின் பட்டியல்.

ஹெட்போன் துளையில் ஆரம்பிக்கிறேன். ஐபோன் விஷயத்தில் அந்த ஒரு முறைதான் ஜனங்கள் உருப்படியான விஷயத்துக்குச் சண்டை போட்டார்கள். அடுத்த ஐபோனில் 3.5 மில்லிமீட்டர் துளை இருக்காது என்று 2015 நவம்பரில் ஜப்பானிய தளம் ஒன்று எழுதியது. சில மாதங்களிலேயே, துளையை எடுக்காதே என்ற இணைய மனுவில் மூன்று லட்சம் பேர் கையெழுத்துப் போட்டார்கள். 2016 செப்டம்பர் 7, ஐபோன் 7 மேடை. ஆப்பிளின் பில் ஷில்லர் வந்து, துளையை எடுப்பதற்குக் காரணம் துணிச்சல் என்றார். அதே மேடையில் 159 டாலருக்கு ஏர்பாட்ஸ் அறிமுகம். துணிச்சலின் விலை அப்போதே தெரிந்துவிட்டது.

இதில் எனக்கு ஆப்பிள் மேல்கூட அவ்வளவு கோபம் இல்லை. கேலி பண்ணியவர்கள் மேல்தான். நோட் 7 அறிமுகத்தின்போது, எங்களிடம் ஆடியோ ஜாக் இருக்கிறது என்று சாம்சங் மேடையிலேயே குத்திக்காட்டியது. கூகுள் தன் முதல் பிக்சல் விளம்பரத்தில் அதே விஷயத்தை நக்கலாகச் சொன்னது. 2017-இல் பிக்சல் 2 வந்தது, துளை இல்லை. 2019-இல் நோட் 10 வந்தது, துளை இல்லை. சார்ஜர் விஷயத்திலும் இதே கதை: 2020 அக்டோபரில் ஆப்பிள் சுற்றுச்சூழல் பேரைச் சொல்லிப் பெட்டியிலிருந்து சார்ஜரை எடுத்தது, சாம்சங் கிண்டல் பண்ணியது, மூன்றே மாதத்தில் எஸ் 21 பெட்டியிலும் சார்ஜர் காணோம். எதிர்க்கட்சியாக இருக்கும்வரை எல்லாரும் நல்லவர்கள்.

முனகி ஜெயித்த கதையும் ஒன்று உண்டு. 2015-இல் சாம்சங் எஸ் 6-இல் மெமரி கார்டு இடத்தைத் தூக்கியபோது வாங்குகிறவர்கள் சும்மா விடவில்லை. அடுத்த வருஷம் எஸ் 7-இல் அது திரும்பி வந்தது. 2021-இல் எஸ் 21-இல் மறுபடி தூக்கினார்கள். அதற்குள் நமக்கு மறந்துபோயிருந்தது.

இப்போது கழுத்துக்குக் கத்தி வந்திருப்பது சிம் தட்டுக்கு. இந்த முறை ஆப்பிள்காரர்கள் அதிரடியாகச் செய்யவில்லை, நாடு நாடாகப் போகிறார்கள். 2022-இல் ஐபோன் 14-இல் அமெரிக்காவில் மட்டும் தட்டை எடுத்தார்கள். அங்கே என்னமோ பண்ணிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டோம். 2025-இல் 17 வரிசையில் கனடா, மெக்சிகோ, ஜப்பான் சேர்ந்தன. கூடவே சவூதி, அமீரகம், கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன். இந்த ஆறு பெயரையும் வாசிக்கும்போதே உங்கள் மச்சானோ சித்தப்பா பையனோ ஞாபகத்துக்கு வந்திருப்பான். "துபாயில விலை கம்மி, வரும்போது ஒண்ணு எடுத்துட்டு வா மாப்ள" என்று சொல்லி வாங்குகிற வீடு எத்தனை! அந்தப் போனில் இப்போது சிம் போடத் தட்டே கிடையாது. இந்தியாவில் விற்கிற 17-இல் தட்டு இருக்கிறது. ஏர் மட்டும் இங்கேயும் இ-சிம் மட்டும்தான், அதாவது கழற்ற முடியாமல் போனுக்குள்ளேயே பதிந்திருக்கிற சிம்.

நியாயமாகப் பேசவேண்டும். இ-சிம்மால் லாபமும் உண்டு. 17 ப்ரோவில் தட்டு உள்ள மாடலுக்கு 3,988 எம்ஏஎச், தட்டில்லாத மாடலுக்கு 4,252 எம்ஏஎச். அந்தத் துளியூண்டு இடத்தை பேட்டரிக்குக் கொடுத்ததால் வீடியோ ஓடும் நேரம் இரண்டு மணி கூடுகிறது என்று ஆப்பிளே சொல்கிறது. போனைத் திருடியவன் சிம்மைக் கழற்றித் தூக்கிப்போட முடியாது. வெளிநாடு போனால் விமான நிலையத்தில் சிம் கடை தேட வேண்டாம். இதெல்லாம் உண்மை.

ஆனால் நம் வீடுகளில் சிம் தட்டு என்ன வேலை செய்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அப்பாவின் போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்துவிட்டது, டிஸ்ப்ளே செத்துவிட்டது. என்ன செய்வோம்? ஊக்கு, அது கிடைக்காவிட்டால் அம்மாவின் கம்மல் தண்டு. ஓட்டையில் ஒரு குத்து, தட்டு வெளியே வரும். அந்த சிம்மை எடுத்து அலமாரியில் கிடக்கிற பழைய பட்டன் போனில் போட்டால் அடுத்த நிமிஷம் மணி அடிக்கும். பேங்க் ஓடிபி வரும், கேஸ் சிலிண்டர்க்காரர் கேட்கிற ஓடிபி வரும். சர்வீஸ் சென்டரில் "பார்ட் வரணும் சார், பத்து நாள் ஆகும்" என்றாலும் பதற்றமில்லை. இந்த வேலைக்கு இங்கிலீஷ் வேண்டாம், இ-மெயில் வேண்டாம், யார் தயவும் வேண்டாம்.

இ-சிம்மில் அதே போன் செத்தால்? பழைய போன் உயிரோடு இருந்தால் புதியதற்கு மாற்றுவது சுலபம்தான், நானே செய்திருக்கிறேன். செத்த போனிலிருந்து எதை மாற்ற? மறுபடி சிம் கம்பெனிக்காரர்களிடம் போய் நிற்க வேண்டும், ஆதார் காட்ட வேண்டும். வீட்டில் கிடக்கிற பட்டன் போனில் இ-சிம் ஏறாது. இதையெல்லாம் முடித்து சிம் புதுசாக உயிர் பெற்றாலும், மோசடியைத் தடுப்பதற்காக 24 மணி நேரம் எஸ்எம்எஸ் நிறுத்திவைக்கிற விதி ஒன்று இங்கே இருக்கிறது. விதி நல்லதுதான், சிம் மாற்றிப் பணம் திருடுகிற கூட்டத்துக்காக வந்தது. ஆனால் அந்த ஒரு நாள் ஓடிபி வராது. ஆஸ்பத்திரியில் பில் கட்ட நிற்கிறவருக்கு ஒரு நாள் என்பது எவ்வளவு நீளம்?

இந்தக் கேள்வி ஒன்றுகூட வதந்தி வீடியோக்களில் வராது. இருபது நிமிஷம் ஓடுகிற வீடியோவில் பதினைந்து நிமிஷம் நிறம், நான்கு நிமிஷம் மேடு, கடைசியில் "சிம் ஸ்லாட்டும் இருக்காதுன்னு சொல்றாங்க, பார்ப்போம்" என்று அரை நிமிஷம். அந்த அரை நிமிஷத்துக்குத்தான் நாம் கமெண்ட் போட்டிருக்க வேண்டும்.

போட்டால் மட்டும் கேட்பார்களா என்றால், கமெண்ட்டுக்கு ஆப்பிள் அசையாது. சட்டத்துக்கு அசையும். சார்ஜர் வாயை மாற்று என்று ஐரோப்பாவில் எத்தனை வருஷம் கேட்டார்கள்! 2022 அக்டோபரில் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் 602 பேர் ஆதரவோடு சட்டம் நிறைவேறியது, 2024 டிசம்பர் 28 கெடு. கெடுவுக்கு ஒரு வருஷத்துக்கும் முன்னாலேயே, 2023 செப்டம்பரில், ஐபோன் 15 டைப்-சி வாயோடு வந்து நின்றது. மேடையில் அதைச் சொந்த யோசனை மாதிரியே அறிவித்தார்கள். சுங்குவார்சத்திரத்தில் ஐபோன் கோக்கிற நாடு நாம். வாங்குகிற கூட்டமும் வருஷா வருஷம் பெருகுகிறது. இந்தியாவில் விற்கிற போனில் சிம் தட்டு இருந்தே ஆகவேண்டும் என்று நம் ஆட்கள் கேட்டால் அது ஒன்றும் பேராசை இல்லை. குறைந்தபட்சம், போன் செத்தால் இ-சிம்மை ஒரு மணி நேரத்தில் திருப்பித் தரவேண்டும் என்றாவது கேட்கலாம்.

"ஆண்ட்ராய்டுக்கு மாறிடுங்க அண்ணே" என்று கீழே எழுதப்போகிறவர்களுக்கு இப்போதே பதில்: மேலே நோட் 10 கதையை இன்னொரு தடவை படியுங்கள்.

வளைகுடாவிலிருந்து யாராவது போன் கொண்டுவருகிறார்கள் என்றால், காசு கொடுக்கும் முன் சிம் தட்டு இருக்கிற மாடலா என்று கடையில் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். அப்பா அம்மாவுக்கு என்று வாங்கினால் இங்கேயே தட்டோடு வாங்கிவிடுங்கள், நாலு காசு கூடப்போனாலும் பரவாயில்லை. ஏற்கெனவே தட்டில்லாத போனை வைத்துக்கொண்டு, அது செத்துப்போய் நம்பரைத் திரும்ப வாங்கியவர்கள் இருந்தால் எத்தனை நாள் அலைந்தீர்கள் என்று கமெண்ட்டில் எழுதுங்கள். என்ன கலர் வாங்கினீர்கள் என்பது வேண்டாம்.