மெக்ரெகர் பெயர்த் தடை 1661இல் முடிந்துவிடவில்லை

நண்பரே, “1603இல் ஸ்காட்லாந்தில் மெக்ரெகர் குலத்தின் குடும்பப்பெயரைத் தடை செய்தார்கள், 1661இல் சார்லஸ் மன்னர் நீக்கினார், எல்லோரும் பழைய பெயருக்குத் திரும்பிவிட்டார்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் பாதி சரி. கிளென் ஃப்ரூயின் என்ற இடத்தில் மெக்ரெகர்கள் இன்னொரு குலத்தோடு நடத்திய மோதலுக்குப் பின், 1603 ஏப்ரல் 3இல் ஸ்காட்லாந்தின் அரச ஆலோசனைக் குழு அந்தப் பெயரையே ஒழித்தது. வைத்துக்கொண்டால் மரண தண்டனை. 1661இல் நீக்கியதும் உண்மைதான்.

ஆனால் 1693இல் வில்லியம் மன்னர் காலத்தில் தடை மீண்டும் வந்தது. அது முழுமையாக விலகியது 1774இல்தான். அந்தக் குலத்தின் புகழ்பெற்ற நாயகன் ராப் ராய் மெக்ரெகர் இறந்தது 1734இல், தடை இருந்தபோதே. அதனால்தான் அவர் தாய்வழிப் பெயரான கேம்பலைப் பயன்படுத்தினார்.

எல்லோரும் பழைய பெயருக்குத் திரும்பிவிடவும் இல்லை. குலத் தலைவரின் குடும்பமே மர்ரே என்ற பெயரில் இருந்து, 1822இல்தான் அரச அனுமதியோடு மெக்ரெகரை மீட்டது. டிரம்மண்ட், கிரஹாம், கிராண்ட் என்று நிலைத்துவிட்டவர்கள் ஏராளம்.

வம்சாவளி தேடுவோர் இடறுவது இங்கேதான். 1855இல் தொடங்கும் பிறப்பு, இறப்பு அரசுப் பதிவுகளிலிருந்து பின்னோக்கிப் போய், 1774க்கு முந்தைய திருச்சபைப் பதிவேட்டில் மெக்ரெகரை மட்டும் தேடினால் தடம் அறுந்துவிடும். அதே ஊரில் மாற்றுப்பெயர்களையும் பாருங்கள். சில பதிவுகளில் இரண்டு பெயரும் சேர்ந்தே இருக்கும். அதற்காக ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயர் வட்டாரத்தின் ஒவ்வொரு கேம்பலும் மறைந்திருந்த மெக்ரெகர் என்று எண்ணிவிடாதீர்கள். பெரும்பாலோர் உண்மையிலேயே கேம்பல்கள்தான். ஆண்வழி மரபணுச் சோதனை இதில் நன்றாகவே உதவும்.