தொய்வுக்கு ஊசி குத்தலாம், மண்ணிறப் பம்ப்பை மட்டும் நிறுத்தாதீர்கள்

பெரும்போக வேளாண்மை வெட்டு தொடங்கினால் படுவான்கரையிலும் சம்மாந்துறைப் பக்கமும் சுணையும் தூசியும் காற்றோடு நிற்கும். தொய்வுக்காரருக்கு (ஆஸ்துமா உள்ளவர்களுக்கு) இரவு நித்திரை இல்லை. அந்த நேரம் பார்த்து "அக்குபங்சர் செய்தால் பம்ப்பே தேவையில்லையாம்" என்ற கதையும் ஊருக்குள் சுற்றும். உடம்பில் மெல்லிய ஊசிகளைக் குத்தும் அந்த அக்குபங்சர் வைத்தியத்துக்கு நான் எதிரி இல்லை. இந்த ஒரு வசனத்துக்குத்தான் எதிரி.

தொய்வில் காற்றுக்குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, உட்சுவர் வீங்குகிறது, சளி தடிக்கிறது. நீலப் பம்ப் (சல்பியூட்டமோல்) தசையைத் தளர்த்தும், வீக்கத்தைத் தொடாது. வீக்கத்தை அடக்குவது மண்ணிறப் பம்ப் (பெக்லோமெதசோன்). அதை நிறுத்தினால் அன்றைக்கே ஒன்றும் தெரியாது. நாட்கள், வாரங்கள் போகத்தான் வீக்கம் திரும்பும். அந்த இடைவெளியில் ஊசி குத்தியிருந்தால், சுகம் ஊசியால் வந்தது என்றே நம்புவோம்.

2011இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வை எல்லோரும் அறியவேண்டும். தொய்வுக்காரருக்கு உண்மையான பம்ப், மருந்தில்லாப் பம்ப், போலி அக்குபங்சர் (குத்துவதுபோல் காட்டுவது) மூன்றையும் மாறிமாறிக் கொடுத்தார்கள். சில நாள் ஒன்றுமே கொடுக்கவில்லை. "எவ்வளவு சுகம்?" என்று கேட்டபோது உண்மைப் பம்ப்புக்கு 50 வீதம், மருந்தில்லாப் பம்ப்புக்கு 45, போலி ஊசிக்கு 46 என்றார்கள். ஆனால் ஊதவைத்து அளந்தால், உண்மைப் பம்ப் மூச்சின் அளவை 20 வீதம் கூட்டியிருந்தது. மற்றவை எல்லாம் ஏறக்குறைய 7 வீதம்தான். நெஞ்சு இலேசாகிவிட்டது என்று மனம் சொல்லும்போதும் குழாய் ஒடுங்கியே இருக்கலாம். தொய்வில் உயிராபத்து இங்கேதான் இருக்கிறது.

ஊசியால் பயனே இல்லை என்றும் சொல்லமாட்டேன். வழமையான மருந்தோடு 3 மாதத்தில் 15 தடவை ஊசி குத்திய ஜேர்மன் ஆய்வில், ஒவ்வாமைத் தொய்வு உள்ளவர்களின் அன்றாட வாழ்வு இலகுவானது. போலி ஊசியோடு ஒப்பிட்டுப் பார்க்கப்படவில்லை என்பது அதன் குறை. மருந்தோடு சேர்த்து என்பதுதான் அதில் முக்கியம்.

செய்விக்கப் போகிறவர்கள் குத்தும் இடத்தைக் கவனியுங்கள். மணிக்கட்டுக்கு மேலேயும் கீழ்க்காலின் வெளிப்பக்கத்திலும் குத்துவதில் பயம் குறைவு. பின்கழுத்தின் அடியில் உள்ள முள்ளெலும்பின் இரு பக்கமும், மேல்முதுகில் மூன்றாம் முள்ளெலும்புக்குப் பக்கத்திலும் குத்தும்போது நிலைமை வேறு. மெலிந்த உடம்பில் அங்கே தோலுக்கு 1, 2 சென்ரிமீற்றர் கீழேயே நுரையீரல் இருக்கலாம். ஊசி நேராக ஆழ இறங்கினால் நுரையீரலில் ஓட்டை விழுந்து காற்றுக் கசியும். மூச்சுத்திணறல் சில மணித்தியாலம் கழித்தும் வரலாம். தொய்வுக்காரர் அதை வழமையான முட்டு என்று நினைத்துப் பம்ப் அடித்துக்கொண்டிருப்பார். ஊசி குத்திய பிறகு ஒரு பக்கம் சுரீரென்று நெஞ்சு வலித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரே எடுங்கள். நடுநெஞ்செலும்பில் ஊசியைத் தோலுக்கடியில் படுக்கவைத்தே குத்தவேண்டும். சிலருக்கு அந்த எலும்பில் பிறவித் துளை இருக்கும், அதற்குப் பின்னால் இதயம்.

ஊசி உங்கள் கண் முன்னே புதுப் பைக்கற்றிலிருந்து வரவேண்டும். வார்ஃபரின் (இரத்தம் உறையாமலிருக்கும் மருந்து) குடிப்பவர்கள் முதலே சொல்லிவிடுங்கள். 20, 30 நிமிடம் மல்லாந்து கிடக்க முடியாவிட்டால் சாய்ந்து இருக்கக் கேளுங்கள். மொக்சா மூலிகை எரிப்பதையும் அறைக்குள் சாம்பிராணிப் புகையையும் மறுத்துவிடுங்கள். நுளம்புத்திரிப் புகையே ஒத்துக்கொள்ளாத நெஞ்சுக்கு அது என்ன வைத்தியம்?

பலனை அளக்க ஒரு பீக் ஃப்ளோ மீற்றர் (மூச்சை ஊதும் வேகத்தை அளக்கும் சிறு கருவி) வாங்குங்கள். காலையும் இரவும், பம்ப் இழுக்க முன்னர், நின்றபடி மூன்று தரம் ஊதி, கூடிய எண்ணைக் கொப்பியில் எழுதுங்கள். ஊசி தொடங்க முன் இரண்டு கிழமை, தொடங்கிய பின் எட்டுக் கிழமை. உங்கள் சிறந்த அளவு 400 என்றால் 320க்குக் கீழே இறங்குவது எச்சரிக்கை, 200க்குக் கீழே ஆபத்து. எண் கூடியிருந்தால் கொப்பியைக் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். மண்ணிறப் பம்ப்பைக் குறைப்பதா என்பதை டொக்டர்தான் சொல்லவேண்டும், ஊசி குத்துபவர் அல்ல.

முட்டு ஏறும் நேரத்தில் ஊசியைத் தேடிப் போகாதீர்கள். நிமிர்ந்து இருந்து, நீலப் பம்ப்பை ஸ்பேசரோடு (பம்ப்பில் பொருத்தி மருந்தை இழுக்கும் குழாய்) அரை நிமிடத்துக்கு ஒரு தரம், 10 வரைக்கும் அடியுங்கள். குறையாவிட்டால் 1990 அம்புலன்ஸ். ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல முடியாவிட்டால், உதடு நீலம் பாய்ந்தால், 10 முடியும்வரை காத்திருக்காதீர்கள்; அடித்துக்கொண்டே அழையுங்கள்.