முதல் முத்தக் காட்சி தேவிகா ராணியுடையதா?

இந்தியத் திரையின் முதல் முத்தக் காட்சி 1933இல் வந்த 'கர்மா'வில் தேவிகா ராணி நடித்தது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பலரும் பகிரும் தகவல்தான், ஆனால் சரியல்ல. 1929இல் வெளியான 'பிரபஞ்ச பாஷ்' என்ற மௌனப்படத்திலேயே சீதா தேவியும் சாரு ராயும் முத்தமிடுகிறார்கள். அதைத் தயாரித்தவர், பின்னாளில் 'கர்மா'வில் தேவிகாவின் ஜோடியாக நடித்த அவரது கணவர் ஹிமான்ஷு ராய்தான். திரைக்குப் பின்னால் தேவிகாவும் அதில் பணியாற்றினார்!

சரிபார்ப்பது எளிது. 'பிரபஞ்ச பாஷ்' அழியவில்லை; பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனம் அதைச் சீரமைத்திருக்கிறது. படத்தைப் பார்த்து, இரண்டின் வெளியீட்டு ஆண்டுகளையும் ஒப்பிடுங்கள். சீதா தேவியின் பெயர் இப்படி மறைந்துபோவது வருத்தமாக இருக்கிறது.